உன் மாமனைப் பாம்பு கடிக்கவில்லை

குமரேசா, அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நீ நலமா இல்லையா என்பதுதான் இப்போது உனக்கும் எனக்கும் சண்டையே. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். வியாழக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் கம்பெனி உன்னைச் சிங்கப்பூரிலிருந்து ஆப்பிரிக்கா வேலைக்கு மாற்றப்போகிறது, அதற்கு ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள், உடம்பில் அது இருக்கா இது இருக்கா, வீட்டில் யாருக்காவது இருக்கா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருந்தது என்றாய். "எல்லாத்துக்கும் இல்லன்னு டிக் அடிச்சு விட்டேம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றாய். அதோடு போன் கட்டானது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் எங்கேயும் போகவில்லை. நான்தான் வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் நான் பேசியதைக் கேட்டு உன் கூட இருக்கிற பையன்கள் எழுந்து ஓடியிருப்பார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா, வச்சிரட்டுமா" என்பாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். அவள் படிப்பாள். படிக்கட்டும். நம் சொந்தத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். டாக்டர் ஒரு கேள்வி கேட்டதும் யோசிக்காமல் "இல்லைங்க" என்று சொல்கிற எல்லா அம்மாக்களும் படிக்கட்டும். நான் மறைத்தது போதும்.

உன் அண்ணன் பாலுவின் சாவு உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது கடைசி நாள் மட்டும்தான், நீ விமானம் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னால் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. போர்வெல் லாரியில் ஒடிசா பக்கம் போயிருந்தவன் போன வருஷம் சித்திரையில் மலேரியாவோடு திரும்பி வந்தான். காய்ச்சல் அங்கேயே இறங்கிவிட்டது. மறுபடி வராமல் இருக்கப் பதினான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்து, பாதியில் நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனோடு வந்த ராசேந்திரனுக்கும் அதே காய்ச்சல், அதே அட்டை மாத்திரை. இரண்டு பேரும் ஒரே நாளில் ஊருக்கு வந்து மாத்திரையை ஆரம்பித்தார்கள். ராசேந்திரன் பதினான்கையும் தின்று முடித்தான். இன்றைக்கு நம் வீட்டு வழியாகத்தான் டிராக்டர் ஓட்டிப் போகிறான். என்னைப் பார்த்தால் சத்தத்தைக் குறைத்து, தலையைக் குனிந்துகொண்டு போகிறான். அவன் என்ன தப்பு செய்தான், பாவம். அவன் உடம்புக்கு அது மருந்து, அவ்வளவுதான்.

நம்ம பாலுவுக்கு மூன்றாம் நாளே ஒன்றுக்குக் கறுப்பாகப் போனது. பால் ஊற்றாத காப்பி மாதிரி இருக்கிறது என்றான். நான் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தேன். கீரமங்கலம் பூக்கடைக்கு ஏழரைக்குள் போக வேண்டும், அந்த அவசரம் எனக்கு. "வெயில்ல லாரியிலயே கெடந்து வந்திருக்க, சூடு. எளநீ குடி" என்று சொல்லிவிட்டேன். மறுநாள், "இடுப்பு விட்டுப்போற மாதிரி வலிக்குதும்மா, மாத்திரை வேணாம்மா" என்றான். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடிக்காதடா. மாத்திரைக்குப் பயந்துக்கிட்டு மூணு கழுத வயசுல நடிக்கிறியா?" இதையும் எழுதுகிறேன். எனக்கு ஆலங்குடியில் கடைவாய்ப் பல் பிடுங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். மரத்துப்போகிற ஊசி இரண்டு போட்டும் எனக்கு மரக்கவில்லை. நான் கத்தியதற்கு அந்தப் பல் டாக்டர், "இவ்வளவு ஊசிக்கு வலிக்கவே வலிக்காதும்மா, நடிக்காதீங்க" என்றார். நானும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு வலியைத் தாங்கிவிட்டு வந்தேன். என் வலியை ஒருத்தர் நம்பாதபோது எப்படி இருந்தது என்று தெரிந்தவள்தான் நான். அதே வார்த்தையை என் மகனிடம் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. பக்கத்தில் நின்று, வாயைத் திறக்கச் சொல்லி, மாத்திரை உள்ளே போனதா என்று நாக்குக்கு அடியில் பார்த்தேன். மருந்தைப் பாதியில் விடாத வீடு நம் வீடு என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். விஷயம் தெரிந்து, அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணின் அப்பாவும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அங்கே வந்துவிட்டார். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரிதான். அட்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, ஒங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டு மஞ்சளானது, ஒன்னுக்கு கறுப்பா போனது, அப்படி எதும் உண்டா?" சம்பந்தி எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உடனே சொன்னேன்: "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க." அவர் இன்னொரு தடவையும் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." இரண்டாம் தடவையும் இல்லை என்றேன். அப்படியானால் மலேரியா மஞ்சளாகத்தான் இருக்கும், மாத்திரையை விடாமல் முடியுங்கள் என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவர் இரண்டு தடவை கேட்டார்.

இப்போது கேள். உன் மாமனைப் பாம்பு கடிக்கவில்லை.

என் தம்பி சின்னையா கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது கண்ணாடி விரியன் கடித்துச் செத்தான் என்றுதான் நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் கேட்டு என்னைக் கட்டினார். அவன் தொடையில் உணர்ச்சியில்லாத ஒரு தேமல் இருந்தது. சுகாதார வேலைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, ஆரம்பம்தான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று தினம் ஒன்றாகத் தின்னக் கொடுத்தார்கள். என்ன நோய்க்கு என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா, பெருநோய்க்குத்தான். ஒரு வாரத்தில் ஒன்றுக்குக் கறுப்பாகி, உடம்பு வெளுத்து, மூச்சு வாங்கிப் போய்விட்டான். இருபது வயசு. அந்த மாத்திரை தின்றான் என்று வெளியே தெரிந்தால் எந்த நோய்க்கு என்றும் தெரியும், பிறகு இந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று என் அப்பா பயந்தார். வீட்டில் கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள் அப்போது, நானும் என் அக்காவும். பிணத்தைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் என் அப்பாவே வாசலுக்குப் போய், பாம்பு கடித்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னார். விரியன் கடித்தாலும் கறுப்பாகத்தான் போகும் என்பது சம்சாரிகள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

சொன்ன பொய் நிற்க வேண்டுமே. அதற்காக வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து புற்றுக்குப் பால் போனது. கல்யாணம் ஆன பிறகு நானும் இங்கே ஊற்றினேன். நீயும் பாலுவும் டவுசர் போட்ட வயசில் சொம்பு யார் தூக்குவது என்று அடித்துக்கொண்டு என் கூட வருவீர்கள். "மாமாவக் கடிச்ச பாம்புக்கு எதுக்கும்மா பால் ஊத்துற?" என்று நீ கேட்டாய். "கோவம் தணியட்டும்னு" என்றேன். கடிக்காத பாம்புக்குப் பால் ஊற்றி ஊற்றி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன் குமரேசா. அந்த டாக்டர் கேட்டபோது நான் பாதிதான் பொய் சொன்னேன். மீதிப் பாதிக்கு, என் தம்பி நிஜமாகவே பாம்பு கடித்துத்தான் செத்தவனாக இருந்தான்.

ஆறாம் நாளும் மாத்திரையைக் கொடுத்தேன். ஏழாம் நாள் விடிந்ததும் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா ஒன்றுக்கு எடுத்த பாட்டிலைப் பார்த்ததும் அட்டையைக் கேட்டார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சம்பந்தி அங்கே இல்லை. அப்போதுதான் சொன்னேன், என் தம்பியும் இப்படித்தான் என்று. அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ரத்தத்துல செவப்பு அணு இருக்குல்லம்மா, அது ஒடையாம காக்குற ஒன்னு எல்லாருக்கும் இருக்கும். சில பேருக்குப் பொறவியிலயே அது கம்மி. சும்மா இருக்கயில ஒன்னுமே தெரியாது, கல்லு மாதிரி இருப்பாங்க. சில மாத்திரை உள்ள போச்சுன்னா அணுவெல்லாம் ஒடஞ்சுபோகும். அந்த ஒடஞ்ச ரத்தந்தான் கறுப்பா வந்தது." மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது. மறுநாள் சாயங்காலம் போய்விட்டான். அட்டையில் எட்டு மாத்திரை மீதி இருந்தது.

அதற்கு ஜி சிக்ஸ் பி டி குறைவு என்று பேராம். தாய் வழியாக மகனுக்கு வருமாம். "எனக்கு ஏங்க ஒன்னும் செய்யல?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். பெண்களுக்கு அந்தக் காப்பு தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டு வரும், ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் அது சமாளித்துவிடும், ஆண்பிள்ளைக்குத் தாய் வழி ஒன்றுதான், அது பழுதானால் பழுதுதான் என்றார். பல் பிடுங்கிய கதையையும் அவரிடம் சொன்னேன். அது வேறு விஷயம் என்றார். ஆனால் அந்த ஊசி சரியாகப் பிடிக்காத உடம்பும் உண்டு, நீங்கள் நடிக்கவில்லை என்றார். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் என்னை நம்பியதற்கு அழுவதா, என் மகனை நான் நம்பாததற்கு அழுவதா என்று தெரியாமல் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் சித்தப்பா சாவு வீட்டிலேயே சொன்னார், "பொம்பள வழி ரத்தம்" என்று. ஆமாம், என் வழிதான். நான் கேட்டு வாங்கி வந்ததில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் இருந்தது நான். ரத்தத்தோடு வந்ததற்கு என்னைத் திட்டாதே. மறைத்ததற்குத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

காரியம் முடிந்ததும் உனக்கும் ரத்தம் எடுத்தார்கள். உனக்கும் இருக்கிறது என்று வந்தது. டாக்டரம்மா ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார், எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் இதைக் காட்டு என்று. நீ அதை நாலாக மடித்து, பீரோவில் உன் பழைய சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டாய். கேட்டால், "இருபத்தேழு வருசமா எனக்கு ஒன்னும் செய்யலம்மா" என்கிறாய். செய்திருக்கிறது. நீ பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிட்டாய். பாலுவின் சின்னச் சட்டைகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைக்காமல் உனக்குப் போட்டிருந்தேன். பெட்டி நிறைய அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன், சட்டையெல்லாம் அந்த வாடை. ஐந்து நாள் உன்னை ஆஸ்பத்திரியில் விளக்குக்கு அடியில் போட்டிருந்தார்கள். கண்ணேறு என்று சொல்லி நாங்கள் மிளகாய் சுற்றிப் போட்டோம். போன வருஷம்தான் டாக்டரம்மா சொன்னார், இந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை வாடையே ஆகாது, அதனாலும் இருந்திருக்கலாம் என்று. பாலுவின் துணிகளுக்கு நான் இப்போது அந்துருண்டை போடுவதில்லை. பூச்சி அரிக்கிறது, அரிக்கட்டும். லீவுக்கு வந்து நீ அந்த பீரோவைத் திறப்பாய்.

திருவரங்குளத்தில் புதுச் சம்பந்தம் பேசி, கௌசல்யாவை உனக்கு நிச்சயம் பண்ணும்போதே சொல்லிவிடலாம் என்றேன். நீயும் உன் அப்பாவும் சேர்ந்துகொண்டீர்கள். "வருசம் திரும்பி இப்பத்தான் வீட்டுல ஒரு நல்லது நடக்கப் போகுது, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் அவர். நீ, "கல்யாணத்துக்கப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேம்மா" என்றாய். நானும் இருந்தேன். ஆனால் வியாழக்கிழமை அந்த ஃபார்ம் கதையைச் சொன்னாய். நீ போகிற நாட்டில் மலேரியா எங்கே பார்த்தாலும் இருக்கிறதாம், ராசேந்திரனிடம் கேட்டேன், அவனுக்குத் தெரிந்தவன் ஒருத்தன் அங்கே இருக்கிறான். உனக்குக் காய்ச்சல் வரும். பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். யாரோ ஒருத்தர் உன் ஃபார்மைப் பார்ப்பார். அதில் இல்லை என்று இருக்கும். நான் சொன்ன அதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் புற்றுக்குப் போகச் சொம்பில் பாலை ஊற்றினேன். வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்து அந்தப் பாலில் உன் அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து உன் அட்டையை எடுத்து மடிப்பு நீவிப் பையில் வைத்தேன். "ஆடியில சம்பந்தி வீட்டு வாசல மிதிக்கப் போறியா?" என்று அவர் பின்னாலேயே வந்தார். "டீய குடிங்க, ஆறிப்போகும்" என்று சொல்லிவிட்டு ஆலங்குடி பஸ் ஏறி, அங்கே மாறி, திருவரங்குளத்தில் இறங்கினேன்.

கௌசல்யா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தாள். அவள் அம்மாதான் இருந்தார். "என்னங்க சம்பந்தி, ஆடியில வந்திருக்கீங்க? சீர் எதும் கொறையுதுன்னு சொல்ல வந்தீங்களா?" என்று சிரித்தபடி கேட்டார், சிரிப்பு பாதிதான் இருந்தது. "உங்க பக்கம் ஒன்னும் கொறையலைங்க. பொண்ணு வரட்டும், சொல்றேன்" என்றேன். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் டிவி பார்த்தோம். என்ன படம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் வந்து கைகால் கழுவியதும் இரண்டு பேரையும் உட்கார வைத்து, என் தம்பியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா எழுந்துவிட்டார். "பத்திரிகை அடிச்சுட்டு வந்து சொல்றீங்களே, நோய்க்காரப் பயல எம் பொண்ணு தலையில கட்டப் பாத்தீங்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கௌசல்யாதான், "நோயின்னு அத்தை எங்க சொன்னாங்கம்மா? சில மாத்திரை ஆகாதுன்னுதான சொல்றாங்க. ஒனக்கு அந்த ஊதா மாத்திரை போட்டா ஒடம்பெல்லாம் தடிக்கல?" என்றாள். அட்டையைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிள்ளைகளுக்கு வருமா என்று நேராகவே கேட்டாள், வெட்கப்படவில்லை. டாக்டரம்மா எனக்குச் சொன்னதைச் சொன்னேன். உங்களுக்கு மகன் பிறந்தால் அப்பன் வழியில் அவனுக்கு வராது. மகள் பிறந்தால் என்னைப் போலச் சுமப்பாள், அவளுக்குப் பிறக்கிற மகனுக்கு வரலாம். தெரிந்து வைத்துக்கொண்டால் பயமில்லை, தெரியாமல் இருந்தால்தான் எமன். அவள் அட்டையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, இதை ஏன் அவரு சொல்லல?" என்றாள் பிறகு. உனக்காக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். கடைசியில், "எங்க வீட்டுப் பழக்கம்மா" என்றேன். அவள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்து சொன்னாள்: "எனக்கு இந்த மாத்திரைப் பிரச்சனையெல்லாம் பெருசா தெரியல அத்தை. ஆனா நீங்க வந்து சொன்னது அவரு சொன்னதாகாது. அந்த ஃபார்ம மாத்தி எழுதிக் குடுத்துட்டு எனக்குப் போன் பண்ணி அவரு வாயால சொல்லச் சொல்லுங்க. அப்பாகிட்ட நான் அதுவரைக்கும் எதும் பேசல."

இவ்வளவுதான் நடந்தது. உன் அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீயும் கோபப்படுவாய், கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன் என்பாய். கோபப்படு. உயிரோடு இருந்து பல வருஷம் கோபப்படு. பாலுவுக்கு என் மேல் கோபப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன் என்னிடம் கேட்டது, "இன்னைக்கு மாத்திரை போடலியேம்மா, பரவாயில்லையா?" என்பதுதான்.

அந்த எட்டு மாத்திரையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம், போனும் போட வேண்டாம். நாளைக்குத் திங்கட்கிழமை, உன் கம்பெனி ஆபீஸ் திறந்திருக்கும். போய் அந்த ஃபார்மைக் கேட்டு வாங்கி, உடம்பில் இருக்கா என்று கேட்ட இடத்தில் இருக்கிறது என்று எழுது. வீட்டில் யாருக்காவது இருக்கா என்று கேட்ட இடத்தில் என் தம்பி பெயரையும் உன் அண்ணன் பெயரையும் எழுது. கௌசல்யாவுக்கு நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்.

அம்மா